தேக்காவில் ஒரு நிதியமைச்சர்

2025 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தார். நிதியமைச்சரும் அவரே என்பதால், பணம் கேட்டு யார் முன்னாலும் தலையைச் சொறிய வேண்டியதில்லை. தற்காப்புக்கு ஏறத்தாழ 23.4 பில்லியன் வெள்ளி. சுகாதாரமும் கல்வியும் அதற்குப் பின்னால்தான் வரிசையில்.

நம் வீட்டுக்கு வந்த பங்கு, மே மாதம் 500 வெள்ளி சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டு. அதிலும் துறைவாரி ஒதுக்கீடு: பாதி பேரங்காடிக்கு, பாதி உணவங்காடிக்கும் பேட்டைக் கடைகளுக்கும். தேக்கா சந்தையில் மீனும் ஆட்டிறைச்சியும் வாங்கிவிட்டுக் காய்கறிக் கடைக்கு வந்தால் கடைப் பங்கு காலி.

"அண்ணே, இன்னும் இருநூறு வெள்ளி இருக்கே!" என்று கைபேசியை நீட்டினால், "அது வேற கணக்கும்மா" என்கிறார் கடைக்காரர், கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டபடி. நிதி அமைச்சில் சேர்க்க வேண்டிய ஆள்! ஆனால், கொசுறு கொடுக்கும் பழக்கம் அங்கே செல்லாது.

9 விழுக்காடு பொருள் சேவை வரிக்கு இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. பேரங்காடி அரிசிக்கும் அதே வரி, சிராங்கூன் சாலைத் தங்க நகைக்கும் அதே வரி.

வரவுசெலவின் இலக்கணம் இவ்வளவுதான்: கொடுக்கும்போது துறை துறையாகப் பிரிப்பார்கள், வாங்கும்போது நாம் எல்லாரும் ஒரே துறை.