கோட்டைத் தாண்டாத மகிழ்ச்சி

பள்ளிச் சுவரில் யானை சிரிக்கிறது. தும்பிக்கை நுனியில் ஒரு பலகை: 'விளையாட்டாய்க் கற்போம்'. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நாலு கோடு நோட்டில் ஒரே சொல்லை ஐம்பதாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறது. சென்னை, கோவை, மதுரை எங்கும் இந்த யானையைப் பார்க்கலாம். கட்டணம்தான் இடத்துக்கு இடம் மாறும்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. ஐந்து வயதில் அவை முழுதாக இறுகியே இருக்காது. அந்தக் கையில்தான் இம்போசிஷன் ஏற்றுகிறார்கள். எழுத்துப்பிழை போக வேண்டுமாம். போகிறது, எழுதும் ஆசையோடு சேர்ந்து.

பிள்ளை என்ன குற்றம் செய்தது? மிஸ் 'பளம்' என்று டிக்டேஷன் சொன்னார். பிள்ளை 'பளம்' என்றே எழுதியது. காது நன்றாக வேலை செய்கிறது என்று தட்டிக்கொடுக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. (மிஸ்ஸைத் திட்டிப் பயனில்லை. அவர் சம்பளத்தைக் கேட்டால் நமக்கே கூச்சமாக இருக்கும்.) அதே பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் இருபதடி பிளக்ஸில் 'அணைவரும் வறுக' என்று தலைவர் கும்பிடுகிறார். அந்த பிளக்ஸை வைத்த வட்டச் செயலாளரை யார் முட்டி போடச் சொன்னார்கள்?

ஆங்கிலத்துக்கு வந்தால் அநியாயம் இன்னும் பெரிது. 'ஐலண்ட்' எழுதும்போது நடுவில் எஸ்ஸை விட்டுவிட்டது ஒரு பிள்ளை. பழைய ஆங்கிலேயரும் அந்த எஸ் இல்லாமல்தான் எழுதினார்கள். பிரெஞ்சு வழியாக வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லுக்கு இது உறவு என்று தப்பாக நினைத்துப் பின்னால் வந்தவர்கள் எஸ்ஸைச் செருகிவிட்டார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்'டில் ஊமையாக நிற்கும் பி-யும் அப்படித்தான். அந்தச் சொல்லின் லத்தீன் மூலம் தங்களுக்குத் தெரியும் என்று காட்டப் படித்தவர்கள் சொருகியது. பெரியவர்களின் பிழை அகராதியில் ஏறிக்கொண்டது. பிள்ளை எழுதிய சரி, பிழையாகிவிட்டது. செருகிய கனவான்கள் யாரும் 'இனிமேல் செருக மாட்டேன்' என்று நூறு தடவை எழுதவில்லை.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த எஸ் அப்புறம் மறக்கவே மறக்காது. ஆனால் கதைக்கு ஐந்து நிமிடம் வேண்டும். போர்ஷன் யார் முடிப்பது?

வழி தெரியாமல் செய்கிறார்கள் என்றால் மன்னிக்கலாம். 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடிசைப் பகுதியில், வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்காக மரியா மாண்டிசோரி ஒரு கூடம் திறந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பது, தனித்தனி எழுத்துகளை அடுக்கிச் சொல் ஆக்குவது, பென்சில் அப்புறம். 1939-இல் அந்த அம்மையார் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நாம் அவரிடம் கற்றுக்கொண்டது பெயர்ப்பலகை வைக்க. 'மாண்டிசோரி' என்று போட்டால் சேர்க்கைக் கட்டணம் ஏறும். உப்புத்தாள் இன்ஸ்பெக்‌ஷன் அன்று அலமாரியிலிருந்து இறங்கி, மறுநாள் ஏறிவிடும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகள், பாட்டு, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரக் கரும்பலகை. தப்பாக எழுதினால் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம், சிவப்பு மை கிடையாது. அதில் குறைகளும் இருந்தன, தெரியும். ஆனால் அதைப் பார்த்து நம்மவர் சொன்னது, 'அங்கே எங்க சார் படிக்கறாங்க, விளையாடிக்கிட்டில்ல இருக்காங்க!' அப்படிச் சொன்னவர்தான் இன்றைக்கு 'ஃபன் ஸ்பெல்லிங் கிட்' ஆன்லைனில் வாங்கி, பிள்ளையை அதன் முன்னால் உட்காரவைத்து, 'சிரிச்சுக்கிட்டே படி' என்று அதட்டுகிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. உடலாலும் மனத்தாலும் பிள்ளையை வதைக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பள்ளிகள் அப்படியே தலைவணங்கின. வீட்டுப்பாடத்தின் பெயரை 'ஆக்டிவிட்டி ஷீட்' என்று மாற்றி, மூலையில் ஒரு முயல் படம் அச்சடித்தன.

இத்தனைக்கும் நோட்டு ஏன் நிரம்பியாக வேண்டும்? நாம் கேட்கிறோம், அதனால். பிள்ளை புளியங்கொட்டையை அடுக்கி 'அம்மா' என்று எழுதிவிட்டு வந்தால் அதை எந்த மாமியாரிடம் காட்டுவது? கொட்டிய காசுக்கு அத்தாட்சி வேண்டும். பிள்ளையின் கைவலிதான் நமக்குத் தெரிந்த அத்தாட்சி.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு டிக்டேஷன் வைப்போம். தாளாளர், முதல்வர், அப்பா, அம்மா எல்லோரும் அந்தக் குட்டி நாற்காலிகளில் உட்காரலாம். சொல் ஒன்றே ஒன்று: கட்டணச் சீட்டின் தலையில் இருக்கும் 'ரிசீட்'. அதிலும் ஒரு பி ஊமையாக ஒளிந்திருக்கிறது, அதுவும் லத்தீன் படித்தவர்கள் செருகியதுதான். பார்க்காமல் எழுதுங்கள். தப்பாக எழுதியவர்கள் நோட்டை எடுங்கள். ஐம்பது தடவை. கோட்டைத் தாண்டக் கூடாது. சிரித்துக்கொண்டே எழுத வேண்டும்.