ஷாக்லி கம்பெனிக்கு ஆள் எடுத்த கதை

டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வில்லியம் ஷாக்லிக்கு, இனியும் பெல் ஆய்வகத்தில் மாதச் சம்பளத்துக்கு மாரடிப்பதா என்று தோன்றிவிட்டது. தொழிலதிபர் அர்னால்டு பெக்மன் பணம் போட, 1956இல் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் தனிக்கடை திறந்தார். பக்கத்து ஊரில் அவருடைய அம்மா இருந்ததும் அந்த இடத்தைப் பிடித்ததற்கு ஒரு காரணம். மேதையாக இருந்தாலும் பிள்ளைதானே.

முதலில் பெல் ஆய்வகத்துச் சகாக்களைக் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்கள் ஆயிற்றே!

சரி, பழகிப் பார்க்காத இளைஞர்களாகப் பிடிப்போம் என்று கிளம்பினார். இந்த ஒரு விஷயத்தில் மனிதரைக் குறை சொல்லவே முடியாது. ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்று பொறுக்கியெடுத்த தங்கங்கள். அவர் பேருக்கு அப்படியொரு கவர்ச்சி. நாய்ஸ் நேர்காணலுக்கு வந்த அன்றே முதலில் ஒரு வீட்டை வாங்கிப் போட்டுவிட்டு, அப்புறம்தான் ஷாக்லியைப் பார்க்கப் போனார்.

தங்கமானாலும் உரசிப் பார்க்காமல் விடுவாரா? வந்தவர்களை நியூயார்க்கில் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி மனோதத்துவப் பரீட்சை எழுத வைத்தார். நாய்ஸும் மூரும் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் நிர்வாகத்துக்கு லாயக்கில்லை என்று முடிவு வந்தது.

நேர்காணலில் ஷாக்லியின் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். ஜேம்ஸ் கிப்பன்ஸிடம் கேட்டது இது: நாக் அவுட் டென்னிஸ் போட்டியில் 127 பேர் ஆடினால், வெற்றியாளரைத் தீர்மானிக்க மொத்தம் எத்தனை ஆட்டம்? கிப்பன்ஸ் சட்டென்று 126 என்றார். ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் வெளியே போகிறார், 126 பேர் போயாக வேண்டும், அவ்வளவுதான். ஷாக்லிக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கணக்கை முன்பே கேட்டிருக்கிறாயா என்று மடக்கினார். அடுத்த கணக்கில் பையன் திணறியதும்தான் அவர் முகத்தில் களை வந்தது.

ஆள் சேர்ந்த பிறகும் பரீட்சை ஓயவில்லை. தன் ஆட்கள் கண்டுபிடித்துச் சொன்னதைச் சரிதானா என்று பழைய பெல் நண்பர்களுக்கு போன் போட்டு விசாரிப்பார். தலைக்கனத்துக்கு அத்தாட்சி மட்டும்தான் பாக்கி. 1956 நவம்பரில் ஸ்வீடன்காரர்கள் நோபல் பரிசாக அதையும் அனுப்பிவைத்தார்கள்.

ஒருநாள் அலுவலகச் செயலாளரின் கையைக் கதவில் இருந்த ஏதோ கூர்முனை கீறிவிட்டது. சதி! எல்லோரும் பொய் கண்டறியும் கருவி முன்னால் உட்கார வேண்டும் என்று குதித்தார் முதலாளி. அங்கே வேலை பார்த்த ஷெல்டன் ராபர்ட்ஸ் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தலை உடைந்த நோட்டீஸ் போர்டு ஊசி.

1957 செப்டம்பரில் நாய்ஸ், மூர், ராபர்ட்ஸ் உட்பட எட்டுப் பேர் ஒன்றாக ராஜினாமா கொடுத்துவிட்டு ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். துரோகிகள் எண்மர் என்று பேர் கிடைத்தது. நிர்வாகத்துக்கு லாயக்கில்லாத அந்த இருவரும் 1968இல் இன்டெல்லைத் தொடங்கினார்கள்.

ஷாக்லியின் கடை லாபம் என்பதைப் பார்க்காமலேயே 1960இல் கைமாறியது. 1963இல் அவர் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே பரீட்சை வைப்பதற்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.