விடிய விடிய வில்லுப்பாட்டு (இடுப்பு ஒத்துழைத்தால்)

விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான் என்பது எங்கள் வீட்டில் பால்காரருக்குக்கூடத் தெரியும். மகன் செல்போனில் எதையாவது பாடவிட்டால் போதும், "இதெல்லாம் ஒரு பாட்டா? சுடலைமாடன் கோயில் கொடையில் வந்து உட்கார்ந்து பார்!" என்று ஆரம்பித்துவிடுவேன். இந்த வருஷம் மனைவி தீர்ப்பு சொன்னாள்: "ஏங்க, எல்லாருமே கொடைக்குப் போயிட்டு வந்துருவோம். அப்புறமாவது இந்தப் பேச்சு நிக்குதான்னு பாப்போம்."

திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களான கொடைகளில் வில்லுதான் ராஜா. ஆள் நீளத்துக்கும் மேலான வில், அதில் தொங்கும் மணிகள், நாணைத் தட்ட வீசுகோல், பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா. தலைமைப் பாடகர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுவார்கள். கதை எங்கே போனாலும் ஆமா. யார் செத்தாலும் ஆமா. இளமையில் நான் இந்தக் கலையிலிருந்து உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்த ஒன்றுதான். இல்லறத்தில் இன்றுவரை கைகொடுக்கிறது.

போகிற வழியில் மகனுக்குப் பாடம் எடுத்தேன். என்.எஸ்.கிருஷ்ணனுக்குக் காந்தி மகான் கதையை எழுதிக் கொடுத்த சுப்பு ஆறுமுகம் நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர், 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார், 2022இல் காலமானார் என்றெல்லாம். அவன் என் பையைப் பார்த்துக்கொண்டே வந்தான். அந்தக் காலத்தில் தோளில் ஒரு துண்டோடு போனவன், இப்போது இடுப்புப் பெல்ட், காற்றுத் தலையணை, கொசுவத்தி, பிரஷர் மாத்திரை, பிளாஸ்க் சகிதம் போய்க்கொண்டிருந்தேன்.

மணலில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் எண்பதைத் தாண்டிய பெரியம்மை, சம்மணம் போட்டு வெற்றிலை மென்றபடி என்னைக் கனிவோடு பார்த்தாள். "ஏல, ஒரு நாற்காலி எடுத்தாரச் சொல்லட்டுமா?"

சீக்கிரம் எழுந்துபோக எனக்கு ஒரே நம்பிக்கை சட்டம்தான். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு அரசு விலக்குக் கொடுத்தாலும் நள்ளிரவு வரைதான். "பண்பாட்டின் கழுத்தை நெரிக்கிற விதி" என்று ஊரில் பலரிடம் பொங்கியிருக்கிறேன். நள்ளிரவில் ஒலிபெருக்கி அடங்கியதும் மனசுக்குள் அந்த விதியை வணங்கி, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினேன். பாட்டு நிற்கவில்லை. பாடிய அம்மாள் மைக்கை ஒதுக்கிவிட்டு, முன்னைவிடச் சத்தமாகப் பாடத் தொடங்கினார். கூட்டம் வில்லை நெருங்கி உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன்.

சுடலை மலையாளத்துக்குப் புறப்படும் கட்டம். மேளமும் சேர்ந்து உச்சத்துக்குப் போனது. சாமியாடிக்கு அருள் வரப்போகிற அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் ஒரு பிடிப்பு. "ஏய்!" என்று அலறி எழுந்தேன், நிமிர முடியாமல் இப்படியும் அப்படியும் ஆடினேன். மேளக்காரர் என்னைப் பார்த்துத் திரும்பி வேகத்தைக் கூட்டினார். யாரோ கழுத்தில் மாலையைப் போட்டார்கள். ஒருவர் திருநீற்றுத் தட்டோடு வந்து, "சாமி, மக கல்யாணம் எப்பங்க முடியும்?" என்று கைகூப்பினார். மனைவிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்: "அது சாமி இல்லைங்க, இடுப்பு."

பிறகு பெரியம்மை சொன்ன நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். மகன் விடியும்வரை அசையாமல் கேட்டிருக்கிறான். காலையிலிருந்து கதை முழுவதையும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் ஆமா போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொடைக் கமிட்டியாருக்கு ஒரு விண்ணப்பம். என்ன செலவைக் குறைத்தாலும் வில்லுக்காரர்கள் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். மேளத்துக்குச் சற்றுத் தள்ளி, சாய்மானம் உள்ள நாற்காலி நாலு போட்டுவையுங்கள். அடுத்த கொடைக்கு என் வரியோடு ஐந்நூறு ரூபாய் சேர்த்தே தருகிறேன்.