மறுவிற்பனை மதிப்பு இல்லை

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது புன்னக்காயல். 1586-இல் அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' இங்கேதான் அச்சேறியது என்கிறார்கள் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள். அன்று சென்னையில் கோட்டையும் இல்லை, கோட்டைக்குள் தகவல் தொழில்நுட்பத் துறையும் இல்லை. அந்தக் காலத்தின் புத்தம்புதுத் தொழில்நுட்பம் நேராக ஒரு மீனவ ஊருக்கு வந்து இறங்கியது. ரிப்பன் வெட்ட அமைச்சர் யாரும் இல்லாததால்தானோ என்னவோ, வந்தே விட்டது.

நம் காலத்துக்கு வருவோம். 2011 அக்டோபரில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணையம் என்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இரண்டே ஆண்டில் வேலை முடியும் என்றார்கள். முடியவில்லை. ஆட்சி மாறியது. திட்டத்துக்கு 'பாரத்நெட்' என்று பெயரும் மாறியது. தாமதமில்லாமல் நடந்த வேலை அது ஒன்றுதான். 2023-இல் மேலும் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தார்கள்.

யார் வீட்டுக் காசு? தொலைபேசி நிறுவனங்கள் 2002 முதல் தம் வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமச் சேவைக்கான நிதியில் கட்டுகின்றன. பாட்டன் சொத்தை விற்றா கட்டுகின்றன? நம் ரீசார்ஜில் வருவதைக் கட்டுகின்றன. வலையை உலர்த்திவிட்டு வந்து ரீசார்ஜ் செய்கிற ஒவ்வொரு தடவையும், தன் ஊர் இணையத்துக்குத் தவணை கட்டிவிட்டுப் போகிறார் புன்னக்காயல் மீனவர். இருபது வருடம் தாண்டிய தவணை. கந்துவட்டிக்காரன்கூட இந்நேரம் பத்திரத்தைத் திருப்பித் தந்திருப்பான்.

மாநிலம் மட்டும் சளைத்ததா? இந்த இழையைத் தமிழ்நாட்டு ஊர்களுக்கு இழுக்க 2018-இல் 'டான்ஃபினெட்' என்று ஒரு கழகம் பிறந்தது. 12,525 ஊராட்சிகள், ஊராட்சிக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் என்று கணக்கு. டெண்டர் நிபந்தனைகள் சிலருக்குத் தோதாக வளைக்கப்பட்டன என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. முறைகேடே இல்லை என்றார் அன்றைய அமைச்சர் ஆர்.பி. உதயகுமார். 2020 ஜூனில் அந்த டெண்டரை ரத்து செய்யச் சொன்னது மத்திய அரசு. மறுபடி டெண்டர், மறுபடி தேர்தல், மறுபடி ஆட்சி மாற்றம். 2022 ஜூனில் புது முதல்வர் பணியைத் தொடங்கி வைத்தார், காணொலியில். கோட்டையில் இணையம் நன்றாகவே வேலை செய்கிறது என்பது நிரூபணமானது.

புன்னக்காயல் பக்கத்தில் ஏதாவது ஒரு ரேஷன் கடை வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். கைரேகை எந்திரத்தில் விரலை அழுத்தி, சேலையில் துடைத்து, மறுபடி அழுத்துவார் ஒரு மூதாட்டி. "நெட்டு கெடைக்கல ஆச்சி, நாளைக்கு வாங்க." அரிசி குடோனிலிருந்து வந்துவிட்டது, ஆச்சியும் வந்துவிட்டார். வராதது, 2011-இல் புறப்பட்டது மட்டும்தான். பட்டாவா, ஆன்லைன். சான்றிதழா, ஆன்லைன். எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றியவர்கள், லைனை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. புன்னக்காயல் தீவானது. செல்போன்கள் செத்துக் கிடந்தன. தலைநகரங்களில் மட்டும் 'டிஜிட்டல் இந்தியா' நனையாமல் இருந்தது.

சரி, இழை வந்து சேர்ந்த ஊர்களில் என்ன கண்டார்கள்? ஊராட்சி அலுவலக மூலையில் ஒரு இரும்பு ரேக், ஒரு ரூட்டர், ஒரு யு.பி.எஸ். கதவுக்குப் பூட்டு. அங்கிருந்து வீட்டுக்கு இழுப்பது தனி வேலையாம், அதற்குத் தனி ஆளாம், தனி அறிவிப்பாம். இதற்கிடையே ஆட்சியர் அலுவலகங்களிலிருந்து ஒரு செய்திக்குறிப்பு: இந்தக் கேபிளில் உலோகம் எதுவும் இல்லை, மறுவிற்பனை மதிப்பு கிடையாது, யாரும் வெட்டித் திருட வேண்டாம். திருடனுக்குப் பயன்படாது என்று அரசே உறுதி கூறிவிட்டது. ஊர்க்காரனுக்கு எப்போது பயன்படும் என்று ஒரு குறிப்பு வந்தால் தேவலை.

இதில் வயிறு எரிவது எங்கே தெரியுமா? இந்தக் கேபிளில் 85 சதவீதம் மின்வாரியக் கம்பங்களில்தான் போகிறது. கம்பம் நம்முடையது, கேபிள் நம்முடையது, காசும் நம்முடையது. கேரளத்தில் மின்வாரியத்தையே பங்குதாரராக்கி 2023-இல் 'கே-ஃபோன்' தொடங்கினார்கள். மாதம் 299 ரூபாயிலிருந்து இணைப்பு, ஏழைகளுக்கு இலவசம். ஆந்திரத்தில் 2017-லேயே 149 ரூபாய்க்கு இணையமும் டிவியும் போனும். இரண்டு இடத்திலும் ஊழல் புகார் வந்தது, வழக்கு வந்தது. ஆனால் வீட்டுக்குள் வயரும் வந்தது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் சாட்டனூகா நகர மின்வாரியம் 2010-இல், அதாவது நம் திட்டம் காகிதத்தில் பிறப்பதற்கும் முன்பே, தன் மின் இணைப்பு உள்ள வீட்டுக்கெல்லாம் 1 ஜிகாபிட் தரத் தயாராக இருந்தது.

கரண்ட் கொடுத்த நாளில், ஊராட்சி அலுவலகம் வரை இழுத்துவிட்டோம், இனி உங்கள் பாடு என்றா சொன்னார்கள்? குடிசைக்கும் கொடுத்தார்கள். இன்றைக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரிய ஆள் கடைசித் தெருவின் கடைசி வீடு வரை வந்து மீட்டரைக் கணக்கெடுத்துவிட்டுத்தான் போகிறார். வசூலுக்கு அத்தனை வீடும் தெரிகிறது. கண்ணாடி இழைக்குத்தான் விலாசம் தெரியாதாம்.