ஓடுகிறவனுக்கு ஒரு வேலை இருந்தது

விஸ்கான்சின் மாநிலத்தில் பெண்ணெடுத்தவனுக்கு வருஷத்தில் ஒன்பது நாள் சொந்த விருப்பு வெறுப்பு என்று எதுவும் கிடையாது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை விடிவதற்கு அரை மணி முன்னால் தொடங்கி, பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிறவரைக்கும், துப்பாக்கியால் மான் சுட அரசாங்கம் அனுமதிக்கிற அந்த நாட்களில் அங்கே யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க மாட்டார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால்கூட அடக்கத்தைச் சற்றுத் தள்ளிப்போட வழியுண்டா என்று யாராவது ஒருவர் மனதுக்குள்ளாவது நினைத்துப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை மதியமே மேடிசன் நகரத்திலிருந்து வடக்கே போகும் 51ஆம் எண் நெடுஞ்சாலை தீபாவளிக்கு முதல் நாள் சென்னையிலிருந்து தெற்கே போகிற சாலைபோல் ஆகிவிடும். ஆண்களெல்லாம் காட்டுக்குப் போய்விடுவதால் வீட்டில் மிஞ்சும் பெண்களுக்கு 'மான் விதவைகள்' என்று பெயர் சூட்டி, அவர்களுக்காகவே கடைக்காரர்கள் தள்ளுபடி போடுவார்கள். என் மாமியார் அந்தத் தள்ளுபடியில் வாங்கிய கம்பளிச் சட்டைகளை மாமனாருக்கே அடுத்த வருஷ வேட்டைக்குக் கொடுத்தனுப்பிய கதை எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் உண்டு.

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் அந்த வீட்டு மாப்பிள்ளையானபோது, மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். ஆராய்ச்சியைவிட ஓட்டத்தில்தான் எனக்கு அதிக நம்பிக்கை இருந்தது. மெண்டோட்டா ஏரிக்கரைப் பாதையில் பனி, மழை பாராமல் ஓடுவேன், ஓடியதை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன், யாராவது கேட்கமாட்டார்களா என்று அந்த நோட்டைக் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பேன். மாமனார் ஒரே ஒரு முறை கேட்டார்: "ஓடி எங்கே போகிறாய்?" திரும்பி இங்கேதான் வருவேன் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவரை நான் எப்படிக் கூப்பிடுவது என்பதே பெரிய பாடாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடு என்று அவரே சொல்லியும், மாமனாரைப் பெயர் சொல்லி அழைக்க நாக்கு எழாமல், பல வருஷங்கள் தொண்டையைக் கனைத்தே காலம் தள்ளினேன். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று அவர் வருத்தப்பட்டதாக மனைவி பிற்பாடு சொன்னாள்.

சட்டம் என்னிடம் விசித்திரமான பெருந்தன்மையோடு நடந்துகொண்டது. 1973 ஜனவரி முதல் தேதிக்கு முன் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறிய சான்று காட்ட வேண்டியதில்லை என்பதால், துப்பாக்கியைச் சினிமாவில் மட்டுமே பார்த்திருந்த நான், பிறந்த வருஷத்தின் தயவில் அனுபவசாலிகளோடு சேர்க்கப்பட்டு உரிமம் பெற்றேன். அதோடு முதுகில் குத்திக்கொள்ள ஒரு எண் அட்டை கொடுத்தார்கள். பந்தயங்களில் எண்ணை மார்பில் குத்திக்கொண்டு பழகியவனுக்கு முதுகில் எண் சுமப்பது புதுமையாக இருந்தது. நீ ஓடினால் பின்னால் வருகிறவன் பார்க்கட்டும் என்பதற்காகத்தான் என்று பெரிய மச்சினன் விளக்கினான். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து வேட்டைக்காரர் முதுகில் இருந்த அந்த அட்டையை 2016இல் எடுத்துவிட்டார்கள். என்னுடைய பழைய அட்டைகளைப் பந்தய எண்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றைப் பார்க்கிற பேரப்பிள்ளைகள், தாத்தா எந்தப் பந்தயத்தில் பின்பக்கமாக ஓடினார் என்று கேட்கிறார்கள்.

மாமனார் வீட்டுக் காடு வாசா ஊருக்கு வடக்கே. அவரும் அண்டை அயலாரும் சேர்ந்து மதியத்துக்குமேல் மான் கலைப்பார்கள். பாதிப் பேர் காட்டின் ஒரு ஓரத்தில் துப்பாக்கியோடு மறைவாக நிற்க, மீதிப் பேர் மறு ஓரத்திலிருந்து வரிசையாக உள்ளே புகுந்து நடந்துவர, நடுவில் படுத்திருக்கும் மான்கள் எழுந்து நிற்கிறவர்கள் பக்கம் போகும் என்பது கணக்கு. கலைக்கிற வேலை இளையவர்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் உரியது. நான் இரண்டுமாக இருந்தேன். என் கால்களின் அருமை கடைசியில் ஒரு குடும்பத்துக்குப் புரியப்போகிறது என்கிற பூரிப்போடு, சதுப்பில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நான் ஓடிய ஓட்டத்தில், நின்றிருந்தவர்கள் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோவதற்குள் மான்கள் வெள்ளை வாலை நிமிர்த்திக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போயிருந்தன. அவற்றுக்குச் சற்றுப் பின்னால், வெற்றிப் புன்னகையுடன், நான் வந்துகொண்டிருந்தேன். மாமனார் கோபிக்கவில்லை. "நட. அதுகளும் நடக்கட்டும்" என்றார். அரண்ட மான் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு நெருங்கிய வேகத்தில் பாயும், அதைச் சுட முடியாது. மெல்லச் சலனம் கேட்டு எழுந்த மான் பத்தடி நடக்கும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்க்கிற நொடிக்காகத்தான் அத்தனை பேரும் குளிரில் நிற்பது. நான் அந்தக் காட்டில் கற்றுக்கொண்டது நடக்கத்தான். பந்தயத்துக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு, 2004இல், மனித உடம்பே நெடுந்தூர ஓட்டத்துக்காக அமைந்தது, வில்லும் ஈட்டிமுனையும் வருவதற்கு முன்பே நம் முன்னோர்கள் விலங்கை வெயிலில் விடாமல் துரத்திச் சோரவைத்துப் பிடித்திருக்கலாம் என்று டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மன் என்ற இரு அறிஞர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எனக்கு நீதி கிடைத்துவிட்டதாக நினைத்து, கட்டுரையை அச்செடுத்து அடுத்த பருவத்துக்குக் கொண்டுபோய், விறகடுப்பைச் சுற்றிச் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஜெர்மன்காரர்கள் கொண்டுவந்த ஷீப்ஸ்ஹெட் ஆட்டம். அதில் குறுக்கே பேசுவது பெரிய குற்றம். முழுக்கக் கேட்டுவிட்டு மாமனார், "அங்கே வெயில் இருந்திருக்கிறது" என்று சொல்லிச் சீட்டை இறக்கினார். அறிவியல் விமர்சனமாக அதைவிடச் சுருக்கமாக ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.

காலை வேளை முழுக்க மரத்தின்மேல். கிளைக் கவட்டில் நாலு பலகையை ஆணியடித்து வைத்திருப்பார்கள், ஏறி உட்கார்ந்துவிட்டால் பத்து மணிவரை அசையக் கூடாது. ஓடிப் பழகிய உடம்புக்குச் சும்மா இருப்பதைவிடக் கடுமையான பயிற்சி வேறில்லை. இருட்டில் எலி நடந்தால் காட்டெருமை வருவதுபோல் கேட்கும். விடிந்தபின் நிஜமாகவே மான் வந்தால் ஒரு சத்தமும் இருக்காது, இல்லாத இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். ஃபிளாஸ்கைத் திறந்தால் காப்பி வாசனை மானுக்குப் போய்விடும் என்று திறக்காமல் வைத்திருந்து, கடைசியில் ஆறிப்போனதைக் குடிப்பேன். இன்றைக்கு அதே காட்டில் கம்பங்கள்மேல் கண்ணாடிச் சன்னல் வைத்த பெட்டி அறை நிற்கிறது. உள்ளே காஸ் கணப்பு, சுழலும் நாற்காலி, காப்பியை வேண்டுமட்டும் சூடாகக் குடிக்கலாம். மரங்களில் கட்டிய கேமராக்கள், எந்த மான் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போனது என்று செப்டம்பர் மாதத்திலிருந்தே மச்சினன் கைபேசிக்குப் படம் அனுப்புகின்றன. பருவம் தொடங்குகிறபோது அவனுக்கு ஒவ்வொரு கிடாவையும் முகம் தெரியும், சிலவற்றுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறான். வருமா வராதா என்கிற கேள்வியே போய்விட்டது. ஏன் இன்னும் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறான்.

ஆனால் என்னைக் கேட்டால், போனவற்றில் பெரிய இழப்பு மரப்பலகை அல்ல, பதிவு நிலையம்தான். சுட்ட மானை ஆள் நேரில் கொண்டுபோய்ப் பதிய வேண்டும் என்பது பழைய சட்டம். பதிகிற இடம் அநேகமாக ஒரு மதுக்கடை, அல்லது பெட்ரோல் நிலையம். பிக்கப் வண்டிகள் பின்பலகையை இறக்கிவிட்டு வரிசையாக நிற்கும். மான் கிடைத்தவன், கிடைக்காதவன், காட்டுக்கே போகாதவன் என்று ஊரே ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நகரும். கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணுவார்கள், சத்தமாக எண்ணுவார்கள், எண்ணிக்கையில் சண்டை வரும், மோதிரம் தொங்குகிற அளவு நீளமிருந்தால் அதுவும் ஒரு கிளைதான் என்று யாரோ ஒரு கிழவர் தீர்ப்புச் சொல்வார். முதல் இரண்டு நாளும் வனவளத் துறை இளைஞர்கள் வந்து மானின் தாடையைத் திறந்து, பல் தேய்மானத்தைப் பார்த்து, ஒன்றரை வயது, இரண்டரை வயது என்று சொல்வதைச் சின்னப்பிள்ளைகள் வாய் திறந்து பார்ப்பார்கள். உள்ளே கம்பளி ஈர நாற்றமும் வெங்காய நாற்றமும் பிராந்தி வாசனையும். காலில் உலோகத் தகடு மாட்டியபிறகும் யாரும் கிளம்ப மாட்டார்கள்; சுட்ட கதையைச் சொல்ல வேண்டும், சொல்லிச் சொல்லித் தூரம் அதிகமாக வேண்டும். என் ஓட்டக் கதையைப் பெரிய மச்சினன் அங்கேதான் முதன்முதலில் அரங்கேற்றினான். அடுத்தடுத்த வருஷங்களில் அந்தக் கதையில் நான் மானையே முந்திவிட்டேன். முன்பின் தெரியாதவர்கள் என் தோளில் தட்டி, அந்த ஓடுகிற ஆள் நீதானா என்று கேட்டு ஒரு பீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பந்தயத்திலும் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

2015 முதல் பதிவெல்லாம் தொலைபேசியிலும் இணையத்திலும்தான். சுட்ட மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் விவரத்தைத் தட்டினால் ஒரு உறுதி எண் வரும். வசதிதான், மறுக்க முடியாது. உறைபனியில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருந்ததால்தான் அந்த மதுக்கடை பிழைத்தது என்பது அது மூடியபிறகு எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

அம்மா அந்தக் காலத்தில் நீல ஏரோகிராமில் எழுதுவாள்: மானை ஏண்டா சுடறாங்க, மான் கேட்டதால் சீதைக்கு என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியாதா? அடுத்த வரியிலேயே, உடம்புக்குச் சூடு, மிளகு தூக்கலாகப் போடு என்றிருக்கும். அந்த மிளகு வறுவலில் மாமனார் விழுந்தார். வேட்டையில் எனக்குக் கடைசிவரை நிரந்தரமாக இருந்த பதவி அதுதான். இப்போது அடுப்பில் ஏற்றுவதற்குமுன் பொறுக்க வேண்டியிருக்கிறது. 2002இல் மேடிசனுக்கு மேற்கே மவுண்ட் ஹோரெப் பக்கத்து மான்களில், மூளையை அரித்துக் கொல்லும் நோய் இருப்பது தெரியவந்தது. மனிதருக்கு அது தொற்றியதாக நிரூபணமில்லை. ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். ஆகவே தலையைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கறியைப் பெயரும் தேதியும் ஒட்டி உறையவைத்துவிட்டு, முடிவு வருகிறவரைக்கும் பண்டிகை வாரத்தில் வான்கோழி தின்கிறோம்.

முன்னேற்றத்தைக் குறை சொல்லிக்கொண்டே போனால் நான் நன்றியில்லாதவன் ஆவேன். நான் போகத் தொடங்கியதற்குச் சில வருஷம் முன்னால், 1980இல், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடை கட்டாயமானது. மான் கண்ணுக்கு அந்த நிறம் மங்கலாகத்தான் தெரியும், மனிதக் கண்ணுக்குத் தப்பாது. ஒரு வேட்டைக்காரர்கூடச் சாகாமல் முடிகிற பருவங்கள் இப்போது உண்டு. 2016இல் ஆரஞ்சுக்குப் பதில் பளீர் இளஞ்சிவப்பும் போடலாம் என்று சட்டம் வந்தது, பெண்களைக் கவருமாம். எங்கள் வீட்டில் எல்லோரைவிடவும் குறி தப்பாமல் சுடுகிறவள் மச்சினன் மகள். அவள் அந்த நிறத்தைத் தொடுவதில்லை, அவளுடைய அப்பாதான் தள்ளுபடியில் கிடைத்ததென்று இளஞ்சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மான் கலைப்பு மட்டும் இல்லை. காடுகள் துண்டுதுண்டாக விலைபோய், மரத்துக்கு மரம் அத்துமீறாதே என்று பலகை, ஆட்களும் குறைவு. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஏழு லட்சத்தை ஒட்டியிருந்த துப்பாக்கி வேட்டைக்காரர்கள் இப்போது ஐந்தரை லட்சம் போல் இருக்கிறார்கள். வரிசை கட்ட ஆளில்லாததால், மெல்ல நடக்கக் கற்றுக்கொண்டவனுக்கு வேலை போய்விட்டது. மாமனாரும் இல்லை. அவர் இருந்தவரை அவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதேயில்லை.

தேங்க்ஸ்கிவிங் காலையில் இப்போதும் ஓடுகிறேன், நடையும் ஓட்டமுமாக, ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு. நவம்பர் கடைசியில் அந்தப் பக்கம் ஓட நேர்கிறவர்கள் வெள்ளைத் தொப்பியோ வெள்ளைக் கையுறையோ போடாதீர்கள். தூரத்தில் அது மான் வால்தான். வழியில் யாராவது பிக்கப்பின் பின்பலகையை இறக்கிவிட்டு நின்றால் ஒரு நிமிஷம் நின்று, கொம்பில் எத்தனை கிளை என்று கேளுங்கள். உறுதி எண் கைபேசிக்கே வந்துவிடுவதால், இப்போதெல்லாம் அவர்களிடம் அதைக் கேட்க ஆளில்லை.