துரையின் டயரும் பள்ளத்தாக்கின் காதும்

இயந்திரத்தின் உந்துவிசை முன்னிரு சக்கரங்களுக்கும் பின்னிரு சக்கரங்களுக்கும் ஒருங்கே செல்லும்படி அமைந்த வாகனம் நாற்சக்கர உந்துகை வாகனம் எனப்படும். ஆயினும் ஹட்டன், நுவரெலியா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாகனமே கடந்து போய்விடும் என்பதால், செய்தவர் யார், எந்த நாட்டில் செய்தார் என்ற ஆராய்ச்சி எதுவுமின்றி அனைத்தும் ஜீப் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சேற்றிலும் கல்லிலும் ஏறவல்லதாகவும் தார்ப்பாதையில் இரைச்சலற்றதாகவும் அந்த ஜீப்புக்கு ஒரு டயர் கிடைக்குமா என்பது, பொறியியலாளர் ஒருவர் அரை மணி நேரத்தில் விடை கூறிவிட்டுத் தேநீர் அருந்தப் போகக்கூடிய வினாவே ஆகும். தோட்டத்தில் அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை. ஏனெனில் அங்கே டயரின் சத்தம் உள்ளே அமர்ந்திருக்கும் துரைக்கு (தோட்ட நிர்வாகிக்கு) மட்டும் உரிய விடயமாக ஒருபோதும் இருந்ததில்லை.

காற்று நிரப்பிய டயர் பிறந்த காரணங்களுள் சத்தத்தைக் குறைப்பதும் ஒன்று. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ரொபேர்ட் வில்லியம் தொம்சன் 1845இல் அதற்குக் காப்புரிமை பெற்றபோது, வண்டியை இழுக்கும் பளுவைக் குறைத்தல், ஓட்டத்தை இதமாக்கல் ஆகியவற்றோடு ஓடும் வண்டியின் ஓசையைத் தணித்தலையும் தம் நோக்கமாக எழுதிவைத்தார். 1847இல் லண்டன் ரீஜன்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டியும் காட்டினார். உலகம் பார்த்துவிட்டு மறந்துபோனது. 1888இல் பெல்பாஸ்ற்றில் கால்நடை வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் தம் மகனின் முச்சக்கர சைக்கிளுக்காக அதே பொருளை மீண்டும் கண்டுபிடிக்க, பழைய காப்புரிமை வெளிச்சத்துக்கு வந்து அவருடைய உரிமையைச் செல்லாததாக்கியது. இதற்கிடையில் 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் முளைக்க, ஏறத்தாழ 1900 இறப்பர் கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இறப்பர் மரம் குளிரைத் தாங்காது. ஆகவே 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு வேரூன்றி ஏறிவர இயலாத அந்த மரம், சக்கரமாக உருமாறிப் பிற்காலத்தில் ஏறிவந்து சேர்ந்தது.

அது ஏறிவந்த வாகனங்களுள் தலையாயது 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் ரோவர் ஆகும். குதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் மலை பார்க்கச் சென்ற துரைமார் (மலை என்பது தோட்டத்தாரின் வழக்கில் கொழுந்து பறிக்கும் தேயிலை நிலப்பகுதி) அதற்கு மாறினர். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் சென்றது. துரையின் நிறமும் மொழியும் சம்பளம் தருபவரும் மாறிய இந்தக் காலம் முழுவதும் துரை என்ற சொல்லும் அவருடைய ஜீப்பின் முழக்கமும் மாறவில்லை.

இனி டயரின் வகைகளைக் காண வேண்டும். தார்ப்பாதைக்கென்றே செய்யப்பட்ட டயர் எச்.டி. எனப்படும், அதன் மேற்புறம் நெருக்கமான வரிகளைக் கொண்டது, சத்தமற்றது, சேற்றைக் கண்டால் வரிகளெல்லாம் அடைபட்டு வழுவழுப்பான உருளையாகிவிடுவது. சேற்றுக்கென்றே செய்யப்பட்டது எம்.டி.; அதில் பெரிய இறப்பர்க் கட்டைகள் அகன்ற இடைவெளிகளுடன் நிற்கின்றன, சுழலும்போது சேற்றை வெளியே வீசி எறிகின்றன, அந்தச் சேறு யார் மீது விழுகிறது என்பது டயரின் கவலையன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏ.டி., அதாவது எல்லாத் தரைக்கும் ஆனது. எல்லாருக்கும் நல்லவராக இருக்க முயலும் மனிதர்களைப் போல அதுவும் எந்தத் தரப்பாலும் முழுமையாக நம்பப்படுவதில்லை.

இரைச்சல் எழுவது இவ்வாறு: டயர் உருளும்போது ஒவ்வொரு இறப்பர்க் கட்டையும் பாதையை அறைகிறது, கட்டைகளுக்கு இடையே சிக்கும் காற்று நசுங்கிப் பின் விடுபடுகிறது, அறைதல் தப்பு என்னும் பறையின் வேலையையும், விடுபடும் காற்று குழலின் வேலையையும் செய்கின்றன. கட்டைகள் அனைத்தும் ஒரே அளவினவாக இருந்தால் அறைகள் சம இடைவெளியில் விழுந்து ஒற்றைச் சுருதியாகத் திரண்டு ரீங்கரிக்கும். எனவே டயர் வடிவமைப்பாளர்கள் கட்டைகளைச் சிறிதும் பெரிதுமாகக் கலந்து அடுக்கி, ஓசையைப் பல சுருதிகளில் சிதறடித்து, காது எதையும் தனியே பிடித்துக்கொள்ளாதபடி செய்கிறார்கள். அமைதியான டயர் என்பது ஓசை குறைந்ததாக மட்டுமன்றித் தாளம் கெடுக்கப்பட்டதாகவும் இருக்கிறது என்பதை, தப்புச் சத்தத்துக்கு எழுந்து அதிகாலையில் பிரட்டுக் களத்தில் (அன்றைய வேலை பிரிக்கப்படும் திடலில்) போய் நின்ற ஒரு சமூகத்துக்கு விளக்கத் தேவையில்லை.

மலையகத்தின் புவியியல் இங்கேதான் குறுக்கிடுகிறது. சமவெளியில் ஒலியும் வாகனமும் ஏறத்தாழ ஒரே வழியில் வருகின்றன. ஆகவே கேட்டவுடன் வந்துவிடுகிறது. மலையிலோ ஒலி பள்ளத்தாக்கின் மேலே நேர்கோட்டில் விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் வேகத்தில் வர, ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் வளைந்து, ஓடையைச் சுற்றி, எதிரே வரும் கொழுந்து லொறிக்குப் பின்னால் நகர்ந்து வழிவிட்டு வர வேண்டியிருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஒரு கரையில் எழும் எம்.டி. டயரின் ரீங்காரம் மறுகரைக்கு மூன்று நான்கு விநாடிகளில் சேர்ந்துவிடும். ஜீப் சேர்வதற்குள் ஒருவர் வெற்றிலை போட்டு, துப்பி, வாய் கொப்பளித்து, முகத்தில் களைப்பை வரவழைத்துக்கொள்ளலாம். இவ்விரு கால அளவுகளுக்கும் இடைப்பட்ட வேளையே தோட்ட நிர்வாகத்தின் பெரும்பகுதி நடந்தேறும் வேளை எனலாம்: கங்காணி குரலை உயர்த்துகிறார், கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதிலிருந்து எடுக்கிறார், கான் வெட்டுவோர் (கான் என்பது மழைநீர் வடியும் ஓடை) மண்வெட்டியின் பயன்பாட்டை நினைவுகூர்கின்றனர். பகல் முழுவதும் குனிந்து கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்த ஒரு நிமிடத்தில் அகப்பட்டு ‘அரைப் பேர்’ போடப்படுவதிலிருந்து, அதாவது பாதி நாட் கூலியோடு திருப்பி அனுப்பப்படுவதிலிருந்து, காப்பாற்றிய கருவிகளின் பட்டியல் என்றேனும் தயாரிக்கப்படுமானால் அதில் தொழிற்சங்கங்களுக்கு அடுத்தபடியாக இந்த டயருக்கு இடமளித்தல் நியாயமாகும்.

ஆகவே துரை ஒருவர் அமைதியான டயரைத் தேடத் தொடங்கினால் அது முதுகு வலியாலும் காதடைப்பாலும் எழுந்த தேட்டமா, வேறு உள்நோக்கம் கொண்டதா என்ற ஐயம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள்வரை பரவுகிறது. உண்மையில் பெரும்பாலும் காதடைப்புத்தான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் டயர்களில் ஒட்டச் செய்திருக்கும் ஒலிச் சீட்டு இந்த ஐயத்துக்கு எதிர்பாராத வலுவைச் சேர்க்கிறது. அதில் டெசிபெல் என்ற அலகில் (மூன்று டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும் என்பது அதன் கணக்கு) குறிக்கப்படுவது உள்ளே இருப்பவருக்குக் கேட்கும் சத்தம் அன்று. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனத்தின் பாதை நடுவிலிருந்து 7.5 மீற்றர் தள்ளி, வெளியே வைக்கப்பட்ட ஒலிவாங்கி கேட்டதே அது. கங்காணியின் காது நிற்கும் இடத்தில் நின்று அளக்கிறது ஐரோப்பா.

ஒரு நேர்மையான திருத்தத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். கல் பரப்பிய தோட்டப் பாதையில் ஜீப் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றரில் ஊரும்போது டயரின் ஓசை டீசல் இயந்திரத்தின் ஓசையில் கரைந்துவிடும். தார்ப்பாதையில் வேகம் நாற்பது ஐம்பதைக் கடந்த பின்னரே டயர் பாடகராகத் தலையெடுக்கிறது. எனவே டயரின் அமைதி, துரை ஹட்டனிலிருந்தோ கிளப்பிலிருந்தோ திரும்பும் பெருந்தெருப் பயணத்துக்கே பொருந்தும். மலைக்குள் வந்த பின் பழைய ஜீப்பின் கதவு, ஏணி, உதிரிச் சக்கரம் ஆகியவை தத்தம் பங்கை ஆற்றத் தொடங்கிவிடும்.

டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்ட எழுத்துகளை வாசிக்கத் தெரியாமல் டயர் வாங்குவது சாதகம் பாராமல் பெண்ணெடுப்பதற்கு ஒப்பானது என்று கருதுவோர் உளர். பழைய லாண்ட் ரோவர் டிஃபென்டர்களில் காணப்படும் 235/85ஆர்16 என்ற அளவில் 235 என்பது டயரின் அகலம் மில்லிமீற்றரில். 85 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது. ஆர் என்பது உள்நூல்கள் ஆரைப் போக்கில் செல்வதைக் குறிப்பது. 16 என்பது வளையத்தின் விட்டம் அங்குலத்தில். அடுத்து வரும் 120 என்ற சுமைச் சுட்டெண் ஒரு டயர் 1400 கிலோகிராம் தாங்கும் என்று பொருள்படும். அதன்பின் நிற்கும் கியூ என்ற எழுத்து, மணிக்கு 160 கிலோமீற்றர்வரை அந்த டயரில் ஓடலாம் என்கிறது. தலவாக்கலைப் பக்கம் இந்த வேகம் ஒரு ஜீப்புக்கு வாய்ப்பதற்குரிய சூழ்நிலை பாதையை விட்டு விலகிய பின்னரே தோன்றக்கூடும். ஆனால் காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டாலும், 97 மீற்றர் உயரமான டெவன் நீர்வீழ்ச்சியின் உச்சியிலிருந்து அடிவரை விழும் பொருள் மணிக்கு 157 கிலோமீற்றர் வேகத்தையே எட்டுகிறது. ஆகவே மலையகத்துக்குக் கியூ தாராளமாகப் போதும், அதற்கு மேற்பட்ட எழுத்துக்குப் பணம் கொடுப்பது வீண்.

இன்னொரு குறி, மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்திவலையும் கொண்ட சிறு படம். இறுகிய பனித்தரையில் சோதிக்கப்பட்டுத் தேறிய டயருக்கே அது இடப்படும். நுவரெலியா, அம்பேவலைப் பகுதிகளில் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்நுனியில் உறைபனி படிவதுண்டு. அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து கம்பளிக் குல்லாவோடு ஆட்கள் வருவதும் உண்டு. டயர் புதையும் பனி மட்டும் இதுவரை பெய்ததில்லை. ஆயினும் டயர்க் கடைகளில் அந்தப் படம் ஒரு தகுதியாகவே விளக்கப்படுகிறது. “மலைப் படம் போட்டிருக்கு பாருங்க சேர், நம்ம பக்கத்துக்குன்னே செஞ்சது” என்று கடைக்காரர் கூறும்போது அதில் மலை இருப்பது மறுக்க முடியாதது. எம்.டி. டயரின் சத்தம் பற்றி வினவினால், “ஓடி ஓடிப் பழகினா கொறஞ்சிரும்தானே” என்பார். கட்டைகள் தேயத் தேயச் சத்தம் கூடுவதே இயற்கையாதலால், அவர் சொல்லும் பழக்கம் காதைப் பற்றியது என்று கொள்வதே முறை.

சத்தத்தை மறைப்பதற்கு மாறாக அதையே முதலீடாகக் கொண்ட வாகனமும் அதே பாதையில் ஓடுகிறது. சூன் பாண் எனப்படும் பாண் விற்கும் முச்சக்கர வண்டி, பேத்தோவன் 1810இல் எழுதிய ‘எலிஸுக்காக’ என்ற பியானோ இசையை ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டு வருகிறது. அந்த இசை முதன்முதலாக அச்சேறிய 1867ஆம் ஆண்டே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஆண்டும் என்பதை எவரும் திட்டமிட்டிருக்க முடியாது. பாண் வண்டி வருவது கேட்டால் பிள்ளைகள் வெளியே ஓடி வருகின்றனர். ஜீப் வருவது கேட்டால் பெரியவர்கள் தேயிலைக்குள் ஓடிப் போகின்றனர்.

பொறியியலாளரின் அரை மணி நேர விடையையும் சொல்லிவிடலாம்: ஏ.டி. டயரே போதும், அதிலும் அகலம் குறைந்தது நன்று. தோட்டத்து ஜீப் சேற்றில் புதையும் நாட்களைவிட ஈரத் தாரில் வழுக்கும் நாட்களே அதிகம். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரை எட்டும் மழையில், வளைவில் பிடித்து நிறுத்துவது பெரிய கட்டைகள் அல்ல, கட்டைகளின் மேல் கீறப்பட்டிருக்கும் மெல்லிய பிளவுகளே. 1920களில் காலணி அடிப்பாகங்களுக்காக இந்த உத்திக்குக் காப்புரிமை பெற்ற ஜோன் சைப்பின் பெயரால் அவை இன்றும் சைப் எனப்படுகின்றன, எம்.டி.யில் இவை அரிதாகையால், அது சேற்றிலிருந்து வீரத்தோடு வெளியேறி, ஈரத் தாரில் கானுக்குள் சென்று அமரும் சாத்தியம் உண்டு. 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்த நாட்டில், ஜீப்பைக் கானிலிருந்து மீட்பது புதிதாக ஒன்று வாங்குவதைவிட எந்நாளும் மலிவானது.

இவ்வாறு தேர்ந்து வாங்கப்பட்ட அமைதியான டயரும் நெடுநாள் அமைதியாக இருப்பதில்லை. பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்சக்கரத்தைப் பின்னுக்கும் பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்ற வேண்டும் என்ற விதி கராஜ் சுவரில் மட்டுமே பேணப்படுவதால், கட்டைகளின் ஒரு விளிம்பு மற்றதைவிட அதிகமாகத் தேய்ந்து மேற்பரப்பு ரம்பப் பற்களாகிறது. வடிவமைப்பாளர் அரும்பாடுபட்டுக் குலைத்த தாளத்தைத் தோட்டத்துக் கற்கள் மீண்டும் கோத்துக் கொடுக்கின்றன. அடுத்த ஆண்டு மழைக்குள் பள்ளத்தாக்கின் மறுகரையில் பழைய ரீங்காரம் கேட்கத் தொடங்க, கணக்கப்பிள்ளை நிம்மதியாகப் பென்சிலைக் காதில் செருகிக்கொள்கிறார். ஒருமுறை ரீபில்ட் செய்யப்பட்டு, அதாவது புதிய மேற்புற இறப்பர் ஒட்டப்பட்டு, அதுவும் தேய்ந்த பின் டயர் பங்களாவின் வளைவில் வெள்ளையடித்துப் பாதி புதைக்கப்பட்டுப் பூஞ்செடிக்கு வேலியாகிறது. அந்நிலையிலும் அதன் குழிவில் மழைநீர் தேங்கி, தாழ்ந்த பக்கத் தோட்டங்களில் நுளம்பு பாடத் தொடங்கிவிடுவதால், அதைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு வருகிறார். அவர் வரும் சத்தம் கேட்டதும் தோட்டக்காரர் எழுந்து போய்த் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வந்து அமர்கிறார்.