துளி காய்வதைத் தொட்டுப் பார்க்கும் ஒலி

கேள்வி: சிந்திய காபித் துளி காய்ந்தால் ஓரம் மட்டும் கறுத்து நிற்பது ஏன்? இதை ஆராய அல்ட்ராசவுண்ட் எதற்கு, கண் போதாதா?

பதில்: துளியின் ஓரம் மேசையைப் பிடித்தால் லேசில் விடாது. மெலிந்த அந்த ஓரத்தில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓடிவரும் நீர், காபித் துகள்களையும் இழுத்துவந்து குவிக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகக் குழு 1997-இல் 'நேச்சர்' இதழில் தந்த விளக்கம் இது.

ரத்தம், பெயின்ட், பால் போன்றவை இன்னும் வம்பு பிடித்தவை. காயக் காய மேலே ஆடை கட்டும், அடியில் கூழாகும். ஒளி ஊடுருவாததால் கண்ணுக்கு மேற்பரப்பு மட்டுமே லாபம். எனவே துளியை ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் மேல் வைத்து, படிகத்தைப் பக்கவாட்டில் நொடிக்குச் சுமார் 50 லட்சம் முறை அதிரவிடுகிறார்கள். அல்ட்ராசவுண்டான இந்த அதிர்வு தண்ணீருக்குள் கால் மைக்ரான் ஆழம்தான் நுழையும். துளியின் அடிவயிற்றை மட்டும் தடவிப் பார்த்துத் திரும்பும். திரவம் கெட்டிப்பட்டால் பொதுவாகப் படிகத்தின் அதிர்வெண் இறங்கும், அதிர்வும் சீக்கிரம் அடங்கும். எப்போது கூழானது, எப்போது இறுகியது என்பதை இந்த மாற்றங்களின் வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்க்ஜெட் மையும் பெயின்ட்டும் தயாரிப்பவர்களுக்கு இந்தத் தகவல் காசு. காபி குடிப்பவருக்கு ஈரத்துணி போதும்.